பாத்திரமே அளவுகோல்

கணினி ஆர்பிஜிகளை ஆடுவோர், எழுதுவோர், வரைவோர், நிரல் எழுதுவோர் கூடி வெளியிடும் கொள்கைப் பிரகடனம்

கிராபிக்ஸுக்கு 9, எழுத்துக்கு 7, கதைக்கு 8, ஆகமொத்தம் 8. ஒரு ஆர்பிஜியை இப்படிக் கூறுபோட்டு நிறுக்கும் பழக்கத்திலிருந்து நாங்கள் விலகிக்கொள்கிறோம்.

ஆர்பிஜி என்று நாங்கள் சொல்வது கணினியில் பாத்திரமேற்று ஆடும் கேம்களை. ஆடுபவர் ஓர் ஆளை உருவாக்கி, அந்த ஆளாகப் பேசி, அந்த ஆளாக முடிவெடுத்து, வருகிற விளைவையும் அந்த ஆளாகவே சுமக்கும் வகை. இந்த வகையில் படமும் எழுத்தும் கதைசொல்லலும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கின்றன. மூன்றிடமும் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: ஏற்ற பாத்திரத்துக்கு என்ன செய்யக் கொடுத்தாய், செய்ததற்கு என்ன பதில் சொன்னாய்?

நாங்கள் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் ஆடி, மறுபடி தமிழில் சண்டை போடுகிறவர்கள். அந்தச் சண்டை பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. ஒரு சாரார் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிய சூட்டில், தண்ணீரில் விழும் நிழலைக் காட்டி மற்றவர்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். இன்னொரு சாரார் 1999க்குப் பிறகு வந்த எதையும் கதை என்று ஒப்புக்கொள்வதே இல்லை. முதல் சாராருக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாம் சாரார் நம்மவர்கள். எனவே அவர்களைத்தான் இந்தப் பிரகடனம் கூடுதலாகக் கடிந்துகொள்ளும்.

படமா எழுத்தா என்ற பிளவுக்குக் கலைக் கொள்கை எதுவும் காரணமில்லை. டிஸ்க்கில் இடம் போதாததால் வந்த பிளவு அது. 1988இல் வந்த ‘வேஸ்ட்லேண்ட்’ கேமில் ஒரு கட்டத்தை எட்டியதும், கூடவே வந்த அச்சுப் புத்தகத்தில் இன்ன எண்ணுள்ள பத்தியைப் படி என்று திரை சொல்லும். அதே ஆண்டு எஸ்எஸ்ஐ வெளியிட்ட ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ கேமும் அப்படித்தான். படம் திரையில், எழுத்து காகிதத்தில். ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள்; நெருக்கடியையும் ஆட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். வேஸ்ட்லேண்ட் புத்தகத்தில், கேம் ஒருபோதும் படிக்கச் சொல்லாத பொய்ப் பத்திகள் உண்டு. முன்கூட்டியே புரட்டிப் பார்க்கும் அவசரக்காரர், நடக்கவே போகாத ஒரு கதையை நம்பி ஏமாறுவார். டிஸ்க்கில் இடம் கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பிளவை மட்டும் விமர்சகர்கள் விடவில்லை.

எழுத்து வேறு, கதைசொல்லல் வேறு என்பதையும் இங்கேயே பதிந்துவைக்கிறோம். 1985இல் ரிச்சர்ட் கேரியட் ஆப்பிள் II கணினிக்குச் செய்த ‘அல்டிமா IV’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். படம் என்று பார்த்தால் சின்னஞ்சிறு சதுரங்கள். எழுத்து என்று பார்த்தால், ஊராரிடம் பெயர் கேட்கலாம், தொழில் கேட்கலாம். வருகிற பதில் ஓரிரு வரி. வீழ்த்த வேண்டிய பெரிய வில்லனும் கிடையாது. எட்டு அறங்களில் தேறுவதே வேலை. அதில் மந்திர மூலிகை விற்கும் பார்வையற்ற பெண் ஒருவர் வருவார். எத்தனை காசு கொடுக்கிறோம் என்பதை நாமே தட்டச்ச வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது. பொருளும் கைக்கு வந்துவிடும். ஆனால் நம் நேர்மைக் கணக்கில் உள்ளே எங்கோ குறைத்து எழுதப்படும். அது உறைப்பது வெகுநேரம் கழித்துத்தான். மேற்கோள் காட்ட ஒரு நல்ல வாக்கியம்கூட இந்தக் காட்சியில் தேறாது. ஆனாலும் அதற்குப் பின் வந்த எத்தனையோ கேம்கள் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. செயலுக்கும் விளைவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நாங்கள் கதைசொல்லல் என்கிறோம்.

எழுத்துக்கு எங்கள் சாட்சி 1999இல் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் செய்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’. கிறிஸ் அவலோன் அதன் முதன்மை வடிவமைப்பாளர். 640க்கு 480 அளவுத் திரையில் ஆட்கள் விரல்நகம் போலத்தான் தெரிவார்கள். முகத்தில் இருக்கும் தழும்பு, உடம்பின் நாற்றம், குரலின் கரகரப்பு எல்லாவற்றையும் வாக்கியமே சொல்லியாக வேண்டும், சொல்லவும் செய்தது. அதை எல்லோரும் புகழ்கிறார்கள். நாங்கள் கொண்டாடுவது அதைவிடச் சிறிய ஒன்றை. சில உரையாடல்களில் ஒரே வாக்கியம் பதில் பட்டியலில் இரண்டு முறை வரும். ஒன்றில் உண்மை என்று குறிப்பு, மற்றதில் பொய் என்று குறிப்பு. எதிரே நிற்பவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். வேறுபாடு பேசுகிறவர் நெஞ்சில் மட்டும் இருக்கிறது. கேம் அதைக் கவனித்து அவருடைய குணக்கணக்கை மாற்றுகிறது. எந்த கிராபிக்ஸ் கார்டாலும் இதைக் காட்ட முடியாது. எத்தனை பெரிய நடிகர் குரல் கொடுத்தாலும் இது கெட்டுவிடும். பொய் குரலில் தெரிந்தால் எதிரே நிற்பவர் ஏமாறுவது பொருந்தாது. தெரியாவிட்டால் அதை எத்தனை சாமர்த்தியமாகச் சொன்னோம் என்று நினைத்துக்கொள்ளும் சுகம் நமக்கு இல்லை.

ஆனால் இந்தக் கேமின் பேரைச் சொல்லும்போதெல்லாம் எட்டு லட்சம் சொல் என்று மார்தட்டுவதை நம்மவர்கள் நிறுத்த வேண்டும். டார்மென்ட்டில் சண்டை மட்டம். அதையும் வெட்கப்படாமல் சொல்லிப் பழக வேண்டும்.

சொல் எண்ணிக்கை எத்தனை ஏமாற்றும் என்பதற்கு ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ போதும். 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் திரட்டி 2015இல் வந்தது. பணம் போட்ட ரசிகர்கள் சிலர் எழுதிய பாத்திரங்கள் பொன்னிறப் பெயர்ப்பட்டையோடு ஊரெங்கும் நிற்பார்கள். அவர்களைத் தொட்டால் அவர்களின் கடந்தகாலத்திலிருந்து ஒரு துண்டுக் கதை கொட்டும். நாம் எதையும் கேட்க முடியாது, மாற்ற முடியாது, படித்துவிட்டு நகர வேண்டும். அதே கேமில் வேறு சில இடங்களில் கோட்டோவியம் ஒன்றும் பக்கத்தில் நாலைந்து வரிகளும் வரும். பாழடைந்த சுவரில் ஏற வேண்டும். கயிறு இருக்கிறதா, யாரை அனுப்புவது, அவர் உடம்பு தாங்குமா என்று தெரிவு செய்ய வேண்டும். சொற்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் கூலிக்கு வேலை செய்கிறது. இந்த இரண்டையும் ஒரே ‘எழுத்து’ என்ற தலைப்பின் கீழ் போட்டு மதிப்பெண் தருபவர் எதை மதிப்பிட்டார் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இனி குரல். உண்மையான விலை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எழுத்தில் உள்ள ஒரு வரியை வெளியீட்டுக்கு முந்தின வாரம்கூடத் திருத்தலாம். குரல் பதிந்த வரியைத் திருத்த வேண்டுமென்றால் நடிகரை மறுபடி அழைக்க வேண்டும், உதட்டசைவைச் சரிசெய்ய வேண்டும், பிற மொழிகளில் குரல் பதிந்திருந்தால் அங்கும் அதே பாடு. எனவே எழுத்தாளர் சீக்கிரமே பேனாவை மூட வேண்டியிருக்கிறது. கிளைக்கிற ஒவ்வொரு பதிலும் ஒரு செலவு. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் விழுவது கிளைதான். சுருக்குபவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, கணக்கு அப்படி.

2002இன் ‘மோரோவிண்ட்’ கேமில் பெரும்பாலான பேச்சு எழுத்தாகவே வரும். வழி கேட்டால், ஆற்றோரமாக வடக்கே போய்ப் பாறை வந்ததும் திரும்பு என்கிற மாதிரி சொல்வார்கள். சிலர் சொன்ன வழி தப்பாகவும் இருக்கும், திட்டிக்கொண்டே அலைவோம். 2006இன் ‘ஆப்லிவியன்’ கேமில் எல்லோருக்கும் குரல் வந்தது. பேரரசருக்கு பேட்ரிக் ஸ்டூவர்ட்டே குரல் கொடுத்தார். பேச்சு சுருங்கிவிட்டது. வழி சொல்லும் வேலையைத் திசைகாட்டியில் ஒரு குறி எடுத்துக்கொண்டது. கரகரத்த குரலில் கையேந்திய பிச்சைக்காரர், அடுத்த கேள்விக்கு வேறு யாரோ போலக் கணீரென்று பதில் சொன்னார். காடு மட்டும் அன்றைக்குப் பார்த்தவர் மலைக்கும்படி அழகாக இருந்தது. குறியைப் பார்த்து ஓடுகிறவர் காட்டை எங்கே பார்த்தார்? கிராபிக்ஸுக்குச் செலவழித்த காசை அதே கேமின் இன்னொரு முடிவு வீணடித்துவிட்டது என்பதை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டவில்லை.

2015இல் பெதஸ்டா நிறுவனம் செய்த ‘ஃபால்அவுட் 4’ நாயகருக்கும் குரல் கொடுத்தது. எந்தப் பேச்சிலும் நான்கே தெரிவு, அதுவும் ஓரிரு சொல்லாகச் சுருக்கி. தொட்ட பிறகுதான் நம் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று நமக்கே தெரியும். கேம் வந்த கொஞ்ச நாளிலேயே முழு வாக்கியத்தைக் காட்டும் மாற்றுநிரல் (மாட்) ஒன்றை ரசிகர்கள் செய்துவிட்டார்கள். அதே பெதஸ்டா 2023இல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ கேமில் நாயகரின் குரலை எடுத்துவிட்டது. இதில் எங்களுக்கு வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. குரலை எடுத்ததாலேயே அந்த உரையாடல்களுக்கு உயிர் வந்துவிடவில்லை.

அதே 2015இல் வந்த ‘தி விட்சர் 3’ கேமிலும் நாயகருக்குக் குரல் உண்டு. அங்கே அது உறுத்தவில்லை. கெரால்ட் என்ற ஆயத்த ஆளைத்தான் ஏற்கிறோம், அவர் குரல் நம்முடையது இல்லை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு உள்ளே போகிறோம். பிளடி பேரன் என்ற பிரபு வரும் பகுதியில், மரத்தடியில் அடைபட்ட ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று ஒரு முடிவு எடுக்கிறோம். அந்தப் பிரபு மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போவாரா, தூக்கில் தொங்குவாரா என்பது அதைப் பொறுத்து வெகுதூரம் தள்ளித் தெரிகிறது. எனவே எங்கள் வாதத்தைக் குரலுக்கு எதிரான வாதமாக யாரும் சுருக்க வேண்டாம். ஆளை நாமே உருவாக்கும் கேமில் குரலுக்கு ஒரு விலை, ஆயத்த ஆளை ஏற்கும் கேமில் வேறு விலை.

1997இன் முதல் ‘ஃபால்அவுட்’ இந்தக் கணக்கை நன்றாகவே போட்டிருந்தது. புத்திக் கூர்மையை அடிமட்டத்தில் வைத்து ஆளை உருவாக்கினால் அவரால் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச முடியாது. உறுமலும் உளறலும்தான், எதிரே நிற்பவர்களும் அதற்கேற்பத்தான் நடத்துவார்கள். குரல் இல்லாததால்தான் அது கட்டுப்படியானது. முக்கியமான சிலருக்கு மட்டும் களிமண்ணில் தலை செய்து, அதைக் கணினிக்குள் கொண்டுவந்து, குரல் கொடுத்து உதட்டை அசைய வைத்தார்கள். அந்தத் தலை திரையில் எழுந்தால் இவர் பேச்சில் ஏதோ இருக்கிறது என்று உடம்பு தானாக நிமிரும். கடைசியில் மாஸ்டர் என்ற எதிரி. அவர் படைக்கும் ராட்சத மனிதர்களுக்குப் பிள்ளை பிறக்காது என்ற ஆதாரத்தைத் தேடி எடுத்துப் போய்க் காட்டினால், அவரை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடாமல் கதையை முடிக்கலாம். அந்தக் கோர முகம், இடையிடையே மாறி ஒலிக்கும் குரல், ஆதாரம் தேடி அலைந்த உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் அவரை வீழ்த்துகின்றன. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பிரிக்க முடிந்தவர் பிரித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் கிராபிக்ஸின் எதிரிகள் என்று சொல்பவரை 2004இல் ட்ராய்கா செய்த ‘வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ கேமுக்கு அனுப்பிவைப்போம். நோஸ்ஃபெராட்டு குலத்தைத் தேர்ந்தெடுத்தால் அதில் நம் முகமே குற்றம். தெருவில் மனிதர் கண்ணில் பட்டாலே ரத்தக்காட்டேரிகளின் ரகசியச் சட்டத்தை மீறியதாகிவிடும். சாக்கடை வழியாகத்தான் ஊரைக் கடக்க வேண்டும். வரைந்த முகம் அங்கே விதியாகிவிட்டது. மால்கேவியன் குலத்தைத் தேர்ந்தெடுத்தாலோ, நம் பதில்கள் எல்லாம் வேறு எழுத்துருவில், பித்தர் பேச்சாக வரும்.

இன்னும் நெருக்கமானது ஜாஷ் சாயர் தலைமையில் ஆப்சிடியனின் சிறு குழு 2022இல் செய்த ‘பென்டிமென்ட்’. களம் 16ஆம் நூற்றாண்டு பவேரியா. நாயகர் ஆண்ட்ரியாஸ் மாலர், மடாலயத்தில் வேலை பார்க்கும் ஓவியர். குரல் நடிப்பு இல்லை. துறவி பேசினால் பழைய ஏட்டெழுத்து, அச்சுக்காரர் பேசினால் அச்செழுத்து, குடியானவர் பேசினால் சாதாரணக் கையெழுத்து. பேனா கீறும் சத்தம் கேட்கும். பிழையாக விழுந்த எழுத்து கண்முன்னே திருத்தப்படும். ஒருவர் படித்தவர் என்று ஆண்ட்ரியாஸுக்குத் தெரியவந்தால் அவர் பேச்சின் எழுத்துரு மாறிவிடும். அப்போதுதான் உறைக்கிறது: இதுவரை நாம் படித்ததெல்லாம் அந்த ஆளைப் பற்றி ஆண்ட்ரியாஸ் போட்டுவைத்த எடையை. கதையில் நடக்கும் கொலையைச் செய்தவர் யார் என்று கேம் கடைசிவரை உறுதி சொல்லாது. நாம் கைகாட்டியவர் உயிர் போகும்; அந்த ஊர் பல ஆண்டுகள் அதைச் சுமந்துகொண்டு நம் எதிரிலேயே வாழும். இந்தக் கேமில் எழுத்து எங்கே முடிகிறது, கிராபிக்ஸ் எங்கே தொடங்குகிறது என்று ஒருவர் கோடு கிழித்துக் காட்டினால் இந்தப் பிரகடனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதிலும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. ‘டிஸ்கோ எலிசியம்’ 2019இல் வந்தபோது ஒரு பகுதி வசனத்துக்கே குரல் இருந்தது. பத்து லட்சம் சொற்களைத் தாண்டிய எழுத்துக்கு முழுக் குரல் 2021இன் ‘ஃபைனல் கட்’ பதிப்பில்தான் வந்தது. எழுத்து முற்றியது, பிறகு குரல் ஏறியது. துப்பறிவாளரின் 24 திறன்களும் அவர் மண்டைக்குள் ஆளாளுக்குப் பேசும், உசுப்பேற்றும், தப்பாக வழிகாட்டும். தூரிகைத் தீற்றல் தெரியும் ஓவியம் அந்தக் கலங்கிய புத்திக்குப் பொருந்திவிடுகிறது. துப்பாக்கி வெடிக்கும் காட்சிகூட உரையாடல் பட்டையிலேயே நடக்கிறது. தனியாக ஒரு சண்டை முறை கிடையாது. பத்து லட்சத்தில் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்று நினைப்பவர்களும் எங்களுக்குள் உண்டு. அந்தச் சண்டை தொடரும்.

எங்கள் வாதத்துக்குப் பெரிய இடைஞ்சல் 2023இன் ‘பால்டர்ஸ் கேட் 3’. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் நடிகர்களின் குரலையும் உடலசைவையும் பதிந்து, முகத்துக்கு நெருக்கமாகப் போய்க் காட்டி, தெரிவுகளையும் குறைக்காமல் கொடுத்துவிட்டது. பிணத்தோடு பேசும் மந்திரம் அதில் இருக்கிறது. நாமே கொன்றவரின் பிணம் நம்மோடு பேச மறுக்கும். மந்திரத்தால் வேறு உருவம் எடுத்துப் போய் நின்றால் பேசும். உருவம் மாறுவது கிராபிக்ஸ், பிணம் சொல்வது எழுத்து, கொன்றவரை நினைவில் வைத்திருப்பது கதைசொல்லல். குரல் வந்தால் கிளை விழும் என்றோமே, இங்கே ஏன் விழவில்லை? சுமார் ஆறு ஆண்டு உழைப்பு, நானூறுக்கும் மேற்பட்ட ஆட்கள், முடியாத பதிப்பை விற்று ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆடுவோரிடமே சோதித்துப் பார்த்த பொறுமை. விலையைக் கட்ட முடிந்த ஒருவர் கட்டினார், அவ்வளவுதான். கட்ட முடியாத சிறு குழுக்களிடமும் அதே முகநெருக்கத்தைக் கேட்கும் விமர்சகர், கிளைகளை வெட்டு என்று மறைமுகமாகச் சொல்கிறார். சொல்வது அவர் உரிமை, தெரிந்து சொல்லட்டும்.

ஆகவே அறிவிக்கிறோம். எங்கள் விமர்சனங்களில் எண் மதிப்பெண் இராது. ஒரு கேமைப் பற்றி எழுதுமுன், சேமித்து வைத்த பழைய கட்டத்துக்குத் திரும்பிப் போய், முக்கியமான ஒரு முடிவையாவது எதிர்த்திசையில் எடுத்துப் பார்ப்போம். உலகம் அசையவில்லை என்றால், எத்தனை அழகான உலகமானாலும், அதை முதல் பத்தியிலேயே சொல்வோம். படத்தைப் பற்றிப் பேசினால், அதைப் பார்த்து ஆடுபவர் என்ன தெரிந்துகொண்டு என்ன செய்தார் என்று பேசுவோம். எழுத்தைப் பற்றிப் பேசினால், பதில் சொல்ல வாய்ப்பு தந்த வாக்கியங்களையும் தராத வாக்கியங்களையும் பிரித்துப் பேசுவோம். பழைய கேம் என்பதற்காகத் தள்ளுபடி இல்லை. சிறிய குழு என்பதற்காக இரக்கமும் இல்லை. ஆனால் எந்தக் காசில் எதைச் செய்ய முயன்றார்கள் என்பதைச் சொல்லாமல் தீர்ப்பு எழுத மாட்டோம்.

எங்கள் மொழியைப் பற்றி. மேலே பெயர் சொன்ன எந்தக் கேமுக்கும் அதிகாரபூர்வத் தமிழ்ப் பதிப்பு இல்லை. 2023இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் செய்த ‘வெண்பா’ ஆர்பிஜி இல்லை, சமையலும் கதையும். ஆனாலும் சிதைந்த சமையல் குறிப்பேட்டில் விடுபட்டதை ஊகித்துத்தான் அதில் சமைக்க வேண்டும் என்பது எங்கள் கொள்கைக்கு நெருங்கிய உறவு. தமிழில் ஆர்பிஜி செய்ய உட்கார்ந்தால் முதல் தடையே வசனப் பெட்டிதான். ஆர்பிஜிகள் வசனத்தை எழுத்தெழுத்தாகத் திரையில் தட்டிக்காட்டும். கணினியோ ‘கொ’ என்பதைக் ககரம் ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று என்று வைத்திருக்கிறது. அப்படியே தட்டினால் முதலில் ‘க’ தோன்றி, பிறகு இரண்டு பக்கமும் குறி முளைத்து, நடுவே ககரம் இடம்பெயர்ந்து குதிக்கும். சில இன்ஜின்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஹார்ஃப்பஸ் நிரல் நூலகமும் அதைச் சேர்த்துக்கொண்ட கோடோ 4 போன்ற இன்ஜின்களும் இலவசமாகக் கிடைக்கும்போது இனி சாக்கு சொல்ல முடியாது. பெயர் செருகுவது அடுத்த தொல்லை. ஆங்கில வசனத்தில் வெற்றிடம் விட்டு நாயகர் பெயரைப் போட்டுவிடலாம். தமிழில் மாறன் ‘மாறனுக்கு’ ஆவார், வள்ளி ‘வள்ளிக்கு’ ஆவார். வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று வினைச்சொல்லும் கேட்கும். இதை நிரலில் தீர்க்காமல், எழுத்தாளரிடம் மழுப்பி எழுதச் சொல்வதை ஏற்க மாட்டோம்.

டார்மென்ட் உண்மைக்கும் பொய்க்கும் செய்ததை நாம் ‘நீ’ என்பதற்கும் ‘நீங்க’ என்பதற்கும் செய்யலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் எதிரே வருகிறார். பதில் பட்டியலில் ஒரே கேள்வி மூன்று முறை: ‘ஐயா எங்க கிளம்பிட்டீக?’, ‘எங்க போறீங்க?’, ‘எங்க போற?’. எதைத் தொடுகிறோமோ அதில் நம் வயது, பிறந்த தெரு, துணிச்சல் எல்லாம் ஏறிவிடும். பக்கத்தில் நின்று கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கேட்டவர் முகத்தில் வரைகலைஞர் ஒரு சுருக்கம் போட்டால் இன்னும் நல்லது. எங்கள் முதல் கேம் இந்த அளவில்தான் இருக்கும்: ஒரு டீக்கடை, ஏழெட்டுப் பேர், ஒரு சாயங்காலம்.

இயக்கத்தில் சேரக் கட்டணம் இல்லை. எழுதுகிறவர் மூன்று தெரிவுகளும் மூன்று விளைவுகளும் உள்ள ஒரு காட்சியைக் கொண்டுவர வேண்டும். வரைகிறவர், ஆடுபவரின் முடிவால் மாறும் ஒரு முகத்தை. நிரல் எழுதுகிறவர், ‘கொ’ குதிக்காத ஒரு வசனப் பெட்டியை. விமர்சகர் எதையும் கொண்டுவர வேண்டாம். கடைசியாகப் பாராட்டிய ஆர்பிஜியை இரண்டாம் முறை ஆடிவிட்டு வந்தால் போதும்.